கையால் கட்டும் மைக்ரோபிராசசர் கிட்: எங்கிருந்து தொடங்குவது?

கீழ்_அடுக்கு (கேள்வி)

வணக்கம். பைத்தானில் நிரல் எழுதிப் பிழைக்கிறவள் நான். சர்வர், டேட்டாபேஸ் என்றால் கை தானாக ஓடும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், "கம்பைலர் மெஷின் கோடாக மாற்றும், சிபியு அதை ஓட்டும்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். ஓட்டும் என்றால் என்ன? ஒரு எண் கம்பி வழியாகப் போய் எப்படி ஒரு வேலையாக மாறுகிறது? இதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

அதற்காக ஒரு 8-பிட் மைக்ரோபிராசசர் கிட் கட்டலாம் என்று இறங்கினேன். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: பிராசசர், ரோம், ரேம், சீரியல் போர்ட், டீகோடர் எல்லாம் ஒரே தாளில். மொத்தத்தையும் கட்டி முடித்துப் பவர் போட்டால் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால்? நூறு ஒயரில் எது தப்பு என்று எனக்குத் தெரியாது. ஓடினாலும் ஏன் ஓடியது என்பதும் தெரியாதே.

கீபேடும் ஏழு-துண்டு டிஸ்ப்ளேயும் வைத்த ஆயத்தப் பயிற்சி போர்டு ஒன்றை வாங்கிவிடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொருவர் ஆர்டுயினோவே போதும் என்கிறார். பிரெட்போர்டில் நானே கட்டுவதாக இருந்தால் எந்தச் சிப் எடுக்கலாம், முதல் படி என்ன?

எனக்குத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ்: எல்இடிக்கு ரெசிஸ்டர் போடத் தெரியும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். ஓசிலாஸ்கோப் கிடையாது.

சும்மா_வந்தவன்

எதற்கு இவ்வளவு பாடு? 8085 என்ற 8-பிட் பிராசசருக்கான சிமுலேட்டர் (அதைப் போலவே நடந்துகாட்டும் மென்பொருள்) ஒன்றை இறக்கிப் போடுங்கள். ரெஜிஸ்டர் (பிராசசருக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்), ஃப்ளாக் (விளைவைக் குறித்துவைக்கும் ஒற்றை பிட்), மெமரி எல்லாம் திரையில் தெரியும். ஒவ்வொரு கட்டளையாக நகர்த்திப் பார்க்கலாம். ஒயரும் வேண்டாம், புகையும் வராது.

ஐந்து_வோல்ட்

சிமுலேட்டர் நல்லதுதான், பின்னால் தேவைப்படும். ஆனால் அது காட்டுவதும் சிப் காட்டுவதும் வேறு வேறு. சிமுலேட்டரில் ரெஜிஸ்டருக்குள் இருப்பது தெரியும். நிஜச் சிப்பில் அதுதான் தெரியாது, வெளியே வரும் நாற்பது பின்கள் மட்டுமே தெரியும். அந்தப் பின்களில் நடக்கிற பேச்சுவார்த்தையைத்தான் இவர் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

ஆர்டுயினோ இதற்கு உதவாது. அதில் இருப்பது மைக்ரோகன்ட்ரோலர். மெமரி சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அட்ரஸ் பஸ்ஸும் (முகவரி போகும் கம்பிகள்) டேட்டா பஸ்ஸும் (எண் போய்வரும் கம்பிகள்) வெளியே வருவதே இல்லை. எல்இடி மினுக்கக் கற்றுக்கொள்ளலாம், நீங்கள் தேடுவது அதற்குள் பூட்டிக் கிடக்கும்.

கீபேடு வைத்த பயிற்சி போர்டைப் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. 1976-ல் வந்த கிம்-1 தொடங்கி, 1981-ல் வந்த மைக்ரோ-புரொஃபசர் வரை, பிறகு கல்லூரி ஆய்வகங்களில் நாம் பார்த்த போர்டுகள் வரை எல்லாவற்றிலும் ரோமுக்குள் ஒரு மானிட்டர் புரோகிராம் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது அதைக் கவனிப்பது, எண்ணை டிஸ்ப்ளேயில் காட்டுவது, மெமரியில் கொண்டு வைப்பது எல்லாம் அந்தப் புரோகிராம்தான். ஆக நீங்கள் முதல் பைட்டைத் தட்டுவதற்கு முன்பே பிராசசர் வேறு யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான கட்டளைகளை ஓட்டி முடித்திருக்கும். அசெம்பிளி கற்க அருமையான கருவி. "ஓட்டும் என்றால் என்ன" என்ற கேள்விக்கு அது இன்னொரு மூடி.

என் யோசனை இது. ரோம் வேண்டாம், ரேம் வேண்டாம். பிராசசரை மட்டும் பிரெட்போர்டில் குத்துங்கள்.

சிப்: இசட்80, சைலாக் நிறுவனத்தின் 8-பிட் பிராசசர். ஆனால் சிமாஸ் வகைதான் வேண்டும், அதாவது இசட்84சி00 என்று தொடங்கும் எண். என்மாஸ் என்ற பழைய முறையில் செய்த இசட்80-ஐ மெதுவாக ஓட்ட முடியாது. கிளாக் (பிராசசரை அடி அடியாக நகர்த்தும் மின்துடிப்பு) ஒரே நிலையில் சில மைக்ரோவினாடிக்கு மேல் நின்றால் உள்ளே இருக்கும் நிலை அழிந்துபோகும். சிமாஸ் வகை முழுக்க ஸ்டாட்டிக். கிளாக்கை நிறுத்திவிட்டு மறுநாள் வந்து தொடர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து போகும், பவர் இருந்தால் போதும். மேலே எழுத்தைச் சுரண்டி மாற்றி அச்சடித்த சிப்களும் சந்தையில் உலவுகின்றன, ஆகவே சப்ளை ஒயரில் மல்டிமீட்டரை மில்லியாம்பியரில் வையுங்கள். கிளாக் நின்றிருக்கும்போதும் பல பத்து மில்லியாம்பியர் இழுத்தால் அது என்மாஸ்தான், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

8085 ஏன் வேண்டாம் என்றால், அதில் அட்ரஸின் கீழ் எட்டு பிட்டும் டேட்டாவும் ஒரே பின்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. பிரித்தெடுக்கத் தனியாக ஒரு லாட்ச் (எண்ணைப் பிடித்துவைக்கும் சிப்) வேண்டும். விளக்கு வைத்து வேடிக்கை பார்க்க இசட்80 சௌகரியம்.

இணைப்பு. 11-ம் பின் 5 வோல்ட், 29 கிரவுண்ட். இரண்டுக்கும் நடுவே, சிப்புக்கு ஒட்டினாற்போல 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. இதை விட்டுவிட்டுப் பிறகு "சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ரீசெட் தவிர, உள்ளே வாங்கும் கட்டுப்பாட்டுப் பின்கள் நான்கு: இன்ட் 16, என்எம்ஐ 17, வெயிட் 24, பஸ்ரெக் 25. நான்கையும் 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்குத் தூக்கிவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் நீங்கள் கையை அருகே கொண்டுபோனாலே பிராசசர் பைத்தியம் பிடித்தது போல நடந்துகொள்ளும்.

அட்ரஸ் பின்கள் பதினாறுக்கும் ஆளுக்கொரு எல்இடி, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் கிரவுண்டுக்கு. இதைவிடக் குறைந்த ரெசிஸ்டர் வேண்டாம், இந்தப் பின்கள் ஓரிரு மில்லியாம்பியருக்கு மேல் தருவதற்கென்று செய்யப்படவில்லை. ஏ0 என்பது 30-ம் பின். அங்கிருந்து வரிசையாக 40 வரை ஏ10, பிறகு மறுபக்கம் 1 முதல் 5 வரை ஏ11 முதல் ஏ15.

டேட்டா பின்களில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். 7-ல் டி4, 8-ல் டி3, 9-ல் டி5, 10-ல் டி6, 12-ல் டி2, 13-ல் டி7, 14-ல் டி0, 15-ல் டி1. தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இந்த எட்டு பின்னுக்கும் தலா 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போடுங்கள்.

இங்கேதான் சூட்சுமம். இசட்80-ல் 00 என்ற எண்ணுக்கு "ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ" என்று அர்த்தம். டேட்டா பஸ் முழுக்கப் பூஜ்யம் என்றால், பிராசசர் எந்த முகவரியில் எட்டிப் பார்த்தாலும் அதே பதில்தான் வரும். அது 0-ஐக் கேட்கும், பிறகு 1, பிறகு 2, இப்படி 65,535 வரை போய்த் திரும்பவும் 0. அட்ரஸ் விளக்குகள் இருமத்தில் எண்ணிக்கொண்டே போகும். புரோகிராம் கவுன்ட்டர் (அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்) என்று புத்தகத்தில் படிப்பீர்களே, அதுதான் அந்த விளக்கு வரிசை.

கிளாக்குக்கு 555 டைமர் (துடிப்பு உண்டாக்கும் சிப்). சிமாஸ் 555-ஆகப் பார்த்து எடுங்கள். பழைய பைபோலார் 555 ஐந்து வோல்ட் சப்ளையில் வெளியே தருவது ஏறத்தாழ 3.3 வோல்ட்தான். இசட்80-ன் கிளாக் பின்னோ சப்ளையிலிருந்து 0.6 வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும். முதலில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். ரீசெட் பட்டனைத் தட்டிவிட்டு விட்டால் போதாது. ரீசெட் குறைந்தது மூன்று கிளாக் வரை கீழே இருக்க வேண்டும். 10 ஹெர்ட்ஸில் அரை வினாடி அழுத்திப் பிடித்தால் சரி.

ஒரு 'ஒன்றும் செய்யாதே'வுக்கு நான்கு கிளாக் ஆகும். அதனால் 10 ஹெர்ட்ஸில் வினாடிக்கு இரண்டரை முகவரி நகரும். அலுத்துப்போனால் 4 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை மாட்டிப் பாருங்கள். 65,536 முகவரி, தலா நான்கு கிளாக். ஆக ஏ15 விளக்கு வினாடிக்குச் சுமார் பதினைந்து முறை துடிக்கும், கீழே உள்ளவை எல்லாம் மங்கலாக எரிந்துகொண்டே இருப்பது போலத் தெரியும். இரண்டு வேகத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பது எவ்வளவு என்று உறைக்கும்.

இது ஓடியதும் எழுதுங்கள். அடுத்த படி சொல்கிறேன்.

6502_காரன்

எல்லாம் சரி அண்ணே, ஆனால் தயாரிப்பு நின்றுபோன சிப்பைப் புதிதாகக் கற்பவருக்கு ஏன் காட்டுகிறீர்கள்? நாற்பது பின் இசட்80-க்குக் கடைசி ஆர்டர் வாங்குவதை சைலாக் 2024 ஜூனோடு முடித்துக்கொண்டது. 6502 பிராசசரின் சிமாஸ் வகையான 65சி02-ஐ வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இன்றும் விற்கிறது. அதுவும் முழுக்க ஸ்டாட்டிக். தவிர, அதில் ஒவ்வொரு கிளாக்கிலும் பஸ்ஸில் ஒரு காரியம் நடக்கும். நான்கு கிளாக்குக்கு ஒருமுறை என்று காத்திருக்க வேண்டாம். கட்டளையை எடுக்கும்போது சின்க் என்ற பின் உயரும், அதற்கொரு விளக்கு வைத்தால் போதும்.

ஒன்றே ஒன்று, அதில் 'ஒன்றும் செய்யாதே' என்பது 00 அல்ல, ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறை) ஈஏ. இருமத்தில் 11101010. அதனால் ஐந்து டேட்டா பின்களை மேலேயும் மூன்றைக் கீழேயும் இழுக்க வேண்டும். ரீசெட் ஆனதும் 0-விலிருந்து தொடங்காது. எஃப்எஃப்எஃப்சி, எஃப்எஃப்எஃப்டி என்ற இரண்டு முகவரிகளைப் படித்து, அங்கே கிடைக்கும் எண்ணுக்குத் தாவும். நம் பஸ்ஸில் எப்போதும் ஈஏ இருப்பதால் ஈஏஈஏ என்ற முகவரியிலிருந்து எண்ணத் தொடங்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு அதுவே ஒரு பாடம்: "எங்கே தொடங்குவது என்பதையும் மெமரிதான் சொல்கிறது."

ஐந்து_வோல்ட்

6502_காரன் சொல்வதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிப் ஏற்கெனவே கையில் இல்லையென்றால் 65சி02 வாங்குவதும் நல்ல வழி. நான் இசட்80-ஐப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம், எட்டு பின்னையும் பூஜ்யமாக்கினால் போதும், பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்ற அந்த எளிமை. பழைய இருப்பும் இன்னும் நிறையக் கிடைக்கிறது.

கீழ்_அடுக்கு

இசட்80 கிடைத்தது. ஓடுகிறது! 10 ஹெர்ட்ஸில் எண்ணிக்கொண்டே போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வேலையே ஓடவில்லை. சப்ளை மின்னோட்டமும் பார்த்தேன், விளக்குகளைக் கழற்றினால் மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆக, அசல் சிமாஸ்.

ஆனால் ஒரு விசித்திரம். 127 வரை அழகாகப் போகிறது. 128 வந்து ஏ7 விளக்கு எரிய வேண்டிய நேரத்தில், அது நிலையாக எரிவதில்லை. எரிந்து அணைந்து எரிந்து அணைந்து துடிக்கிறது. ஏ0 முதல் ஏ6 வரை ஒழுங்காக எண்ணிக்கொண்டுதான் இருக்கின்றன. 256 தாண்டினால் ஏ8-ம் அதே மாதிரி துடிக்கிறது. ஒயரைப் பிடுங்கிக் குத்திப் பார்த்தேன், எல்இடியை மாற்றினேன், பின்னுக்குப் பின் மல்டிமீட்டர் வைத்தேன். தொடர்பு எல்லாம் சரி. சிப் பழுதா?

ஐந்து_வோல்ட்

சிப் அருமையாக இருக்கிறது. நீங்கள் பார்த்தது இசட்80-ன் உள் ரகசியம் ஒன்று. சிமுலேட்டரில் இது கண்ணில் பட்டிருக்காது.

ஒரு கட்டளையை எடுக்க நான்கு கிளாக் என்றேன் அல்லவா? முதல் இரண்டு கிளாக்கில்தான் அட்ரஸ் பஸ்ஸில் புரோகிராம் கவுன்ட்டர் இருக்கும். அதற்குள் கட்டளை உள்ளே போய்விடும். அடுத்த இரண்டு கிளாக்கில் பிராசசர் அந்தக் கட்டளைக்குப் பொருள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும், பஸ்ஸுக்கு வேலை இல்லை. அந்தச் சும்மா நேரத்தை வீணாக்காமல் ஆர் என்ற இன்னொரு ரெஜிஸ்டரை பஸ்ஸில் வைக்கிறது. ஒவ்வொரு கட்டளை எடுப்புக்கும் ஆர் ஒன்று கூடும், ஆனால் அதில் கூடுவது கீழ் ஏழு பிட் மட்டும். 127-க்குப் பிறகு அது மீண்டும் 0. மேல் எட்டு பின்களில் அந்த நேரம் ஐ என்ற ரெஜிஸ்டர் இருக்கும். ரீசெட்டுக்குப் பிறகு அது பூஜ்யம்.

இப்போது உங்கள் விளக்குகளைப் பாருங்கள். 127 வரை கவுன்ட்டரும் ஆரும் ஒரே எண். அதனால் மாற்றம் தெரியவில்லை. 128-ல் கவுன்ட்டர் ஏ7-ஐ ஏற்றுகிறது, ஆர் ஏற்றுவதில்லை. இரண்டு கிளாக் எரியும், இரண்டு கிளாக் அணையும். கணக்குச் சரியா?

எதற்கு இந்த ஏற்பாடு என்றால், டைனமிக் ரேமுக்கு. அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் மின்னூட்டமாக இருக்கும், கசிந்துகொண்டே இருக்கும். 1976-ல் இசட்80 வந்தபோது புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த 4116 போன்ற ரேமில் 128 வரிசை. இரண்டு மில்லிவினாடிக்குள் எல்லா வரிசையையும் ஒருமுறை தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். 128 வரிசைக்கு ஏழு பிட். ஆர் ஏன் ஏழு பிட்டோடு நின்றது என்பது இப்போது புரியும். நாம் இப்படிப் புதுப்பிக்கத் தேவையில்லாத ஸ்டாட்டிக் ரேம்தான் போடப்போகிறோம் என்பதால் இது நமக்குத் தேவையில்லை, ஆனாலும் அது தன் கடமையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

சரி, அடுத்த படி. இப்போதும் மெமரி வேண்டாம். மெமரி நீங்கள்தான்.

எட்டுக் குமிழ் கொண்ட டிப் சுவிட்ச் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குமிழையும் 4.7 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டிலிருந்து ஒரு டேட்டா பின்னுக்கு இணையுங்கள். 47 கிலோ ஓம் அப்படியே இருக்கட்டும். குமிழ் கீழே என்றால் 0, மேலே என்றால் 1. நடுவில் ரெசிஸ்டர் இருப்பதால், பிராசசர் தானே டேட்டாவை வெளியே தள்ளும்போது அதன் கை ஓங்கும், எதுவும் எரியாது. டேட்டா பஸ்ஸிலும் விளக்கு வேண்டும். நேரடியாக வைத்தால் இந்த ரெசிஸ்டர்களின் வோல்ட்டை இழுத்துவிடும், அதனால் 74எச்சி245 என்ற பஃபர் சிப் (பஸ்ஸை இழுக்காமல் அதே எண்ணை வெளியே தருவது) ஒன்றை நடுவில் வைத்து அதன் வெளிப்பக்கம் எட்டு எல்இடி.

எம்1 (27, கட்டளை எடுப்பு), ஆர்டி (21, படிப்பு), டபிள்யூஆர் (22, எழுத்து), ஹால்ட் (18, நின்றுவிட்டது) நான்குக்கும் விளக்கு வையுங்கள். இவை கீழே இறங்கும்போதுதான் "ஆம்" என்று அர்த்தம், ஆகவே எல்இடியை 5 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாகப் பின்னுக்கு. கிளாக்குக்கு 555-ஐக் கழற்றிவிட்டு ஒரு பட்டன். வெறும் பட்டன் ஒரு அழுத்தலுக்குப் பல துடிப்பு தரும். 74எச்சி14-ம் (துடிப்பைச் சீராக்கும் சிப்) ஒரு ரெசிஸ்டர்-கெப்பாசிட்டரும் போட்டுச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது ஊட்ட வேண்டிய பத்து பைட், ஹெக்ஸில், முகவரி 0-விலிருந்து:

06 05 78 06 07 80 32 00 80 76

06 05: பி ரெஜிஸ்டரில் 5 வை. 78: அதை ஏ ரெஜிஸ்டருக்கு நகலெடு. 06 07: பி-யில் 7 வை. 80: பி-யை ஏ-யோடு கூட்டு. 32 00 80: ஏ-யை 8000 என்ற முகவரியில் எழுது (கீழ்ப் பாதி முதலில் வரும், அதனால் 00 80). 76: நில். ஏ-யில் நேராகவே எண் போட வேறு கட்டளை இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம். 8080-ன் கட்டளைகளை இசட்80 அப்படியே ஏற்றுக்கொண்டதால் இதே பத்து பைட் 8080-லும் 8085-லும் ஓடும் என்பது கூடுதல் தகவல்.

ஆர்டி விளக்கு எரியும்போது அட்ரஸைப் படியுங்கள், அந்த முகவரிக்குரிய பைட்டைக் குமிழில் வையுங்கள், பட்டனை அழுத்துங்கள். ஆர்டி எரியாத நேரத்தில் அட்ரஸ் விளக்கை நம்ப வேண்டாம், அங்கே ஆர் உட்கார்ந்திருக்கலாம். இந்த முறை கவுன்ட்டரும் ஆரும் சீக்கிரமே பிரிந்துவிடும், ஏனென்றால் 05 போன்ற இரண்டாம் பைட்டைப் படிக்கும்போது ஆர் கூடாது.

ஒன்றைக் குறித்துக்கொண்டே போங்கள்: எந்தெந்த முகவரியில் எம்1 எரிகிறது, எதில் எரியவில்லை. முக்கியமாக 5-லும் 8-லும்.

கீழ்_அடுக்கு

செய்தேன். மொத்தம் 39 கிளாக் வந்தது என் கணக்கில்.

5-ல் 80 வைத்தபோது எம்1 எரிந்தது. 8-ல் அதே 80, குமிழ்கள் அதே நிலை, எம்1 எரியவில்லை, ஆர்டி மட்டும். பிறகு ஏ15 விளக்கு மட்டும் எரிந்து மற்ற பதினைந்தும் அணைந்தன, டபிள்யூஆர் எரிந்தது, டேட்டாவில் டி2-ம் டி3-ம். 4-ம் 8-ம் சேர்ந்து 12! நான் குமிழில் விட்டிருந்தது 80, அதை மீறிப் பிராசசர் தன் எண்ணை வெளியே தள்ளியது. அடுத்து 76 வைத்ததும் ஹால்ட் விளக்கு.

அப்படியென்றால் 80 என்பது கூட்டலா, முகவரியின் பாதியா என்பது அந்த எண்ணில் எங்கேயும் எழுதப்படவில்லை. அது எந்த முறைக்கு வந்து நின்றது என்பதுதான். பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்தைத் தாண்டி டேட்டா வழிவது) என்று வேலையில் நான் பயந்து பயந்து சரிசெய்கிற விஷயத்துக்கு வேர் இதுதானா?

சும்மா இருக்காமல் 5-ல் 80-க்குப் பதில் 90 வைத்தும் பார்த்தேன், கழித்தல் என்று பட்டியலில் இருந்தது. 5-லிருந்து 7 போனால் −2 வர வேண்டும். டி0 தவிர ஏழு விளக்கும் எரிந்தன. அது 254 அல்லவா?

ஐந்து_வோல்ட்

39 சரி. 7, 4, 7, 4, 13, 4.

வேரும் அதுதான். டேட்டாவாக வந்து சேர்ந்த பைட்டைப் பிராசசர் எம்1 எரியும் முறையில் எடுத்துவிட்டால் அது கட்டளை. தடுக்க இந்தச் சிப்பில் எந்தக் காவலும் இல்லை.

254-ம் −2-ம் அதே எட்டு விளக்குதான். 254-ஓடு 2 கூட்டினால் 256. அதற்கு ஒன்பதாவது பிட் வேண்டும், ஏ-யில் இடமில்லை, எஞ்சுவது 0. இரண்டைக் கூட்டினால் பூஜ்யம் வருகிற எண்ணுக்கு −2 என்று பெயர் வைப்பதில் என்ன தப்பு? எந்தப் பெயரில் படிப்பது என்பது நிரல் எழுதுகிறவர் விருப்பம். "கடன் வாங்கினேன்" என்ற குறிப்பை மட்டும் கேரி ஃப்ளாகில் விட்டுவைக்கும்.

இனி மெமரி போடலாம், கை வலித்திருக்கும். ரோமாக 28சி256 ஈஈப்ரோம் ஒன்று, 62256 ரேம் ஒன்று, இரண்டும் 32 கிலோபைட், பின் வரிசையும் ஒன்றே. ஏ15 பூஜ்யமானால் ரோம், ஒன்றானால் ரேம். ஒரு 74எச்சி32-ம் (OR கேட்டுகள்) ஒரு 74எச்சி04-ம் (தலைகீழாக்கும் கேட்டுகள்) போதும்: ஏ15-ஐயும் எம்ரெக்கையும் (19, மெமரியைக் கூப்பிடும் பின்) OR கேட்டில் சேர்த்து ரோமின் சிஈ பின்னுக்கு (சிப்பை விழிக்க வைப்பது); தலைகீழாக்கிய ஏ15-ஐயும் எம்ரெக்கையும் இன்னொரு OR கேட்டில் சேர்த்து ரேமின் சிஈ பின்னுக்கு. ஆர்டி இரண்டின் ஓஈ-க்கும் (படிக்க விடும் பின்), டபிள்யூஆர் ரேமின் டபிள்யூஈ-க்கு (எழுத விடும் பின்) மட்டும். ரோமின் டபிள்யூஈ-யை 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். ஈஈப்ரோமில் எழுத உங்கள் நண்பர் சொன்ன அந்த ஆர்டுயினோவைப் பயன்படுத்துங்கள், அதற்கு அது நல்ல கருவி.

டிப் சுவிட்சை எடுத்துவிடலாம். 47 கிலோ ஓம் எட்டையும் அங்கேயே விடுங்கள். ரோமைப் பிடுங்கிவிட்டுப் பவர் போட்டால் பஸ் பூஜ்யமாகி மறுபடி எண்ணத் தொடங்கும். எண்ணினால் பிராசசர் பக்கம் சரி, கோளாறு மெமரி பக்கம் என்று தெரிந்துவிடும்.